வயது, ஊர், பாடத்திட்டம்: ஐ.சி.எஸ். ஆளெடுப்பின் வரலாறு

1869-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த இந்திய சிவில் சர்வீஸ் (ஐ.சி.எஸ்.) தேர்வில் நான்கு இந்தியர்கள் தேறினார்கள்: ரமேஷ் சந்திர தத், பிகாரிலால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி, ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர். அதற்கு முன் தேறிய இந்தியர் ஒரே ஒருவர்தான், 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர். இந்த நால்வரில் பானர்ஜி, தாக்கூர் இருவரின் பெயர்களையும் தேர்வு ஆணையர்கள் பட்டியலிலிருந்து அடித்தார்கள். வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள் என்பது காரணம். அப்போது வரம்பு 21. பானர்ஜி 1863-இல் கல்கத்தாவில் மெட்ரிகுலேஷன் எழுதியபோது வயது 16 என்று குறித்திருந்தார். அந்தக் கணக்குப்படி 1869-இல் அவருக்கு 21 கடந்திருக்க வேண்டும். ஆனால் இந்தியக் குடும்பங்களில் பிள்ளைக்கு நடக்கிற வயதைச் சொல்வதே வழக்கம். 15 முடிந்து 16 நடந்துகொண்டிருந்தது. குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் இடம் திரும்பக் கிடைத்தது.

இந்த வழக்கைத் தனிமனிதர் ஒருவரின் சங்கடமாக மட்டும் சொல்லிவிட்டுப் போகும் நூல்கள் பல. எனக்கு அது முழு வரலாற்றையும் திறக்கும் சாவியாகத் தெரிகிறது. ஐ.சி.எஸ். ஆளெடுப்பின் கதையைச் சிபாரிசு ஒழிந்து தகுதி வென்ற கதையாகச் சொல்வது நெடுநாள் மரபு. அந்தப் பணியில் இருந்தவரான பிலிப் மேசன், உட்ரஃப் என்ற புனைபெயரில் 1950களில் எழுதிய இரு தொகுதிகள் அதன் உச்சம். பிளேட்டோ கனவு கண்ட காவலர்களே கலெக்டர்களாக வந்தார்கள் என்பது அவர் பார்வை. 1970களில் பிராட்ஃபோர்டு ஸ்பாங்கன்பெர்க் போன்றோர் இதை மறுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் வந்த அதிகாரிகளின் தரமும் மனநிலையும் அந்தப் புகழ்ச்சிக்குப் பொருந்தவில்லை என்றும், பதவி உயர்வுக் கவலையே அவர்களை அதிகம் ஆட்டியது என்றும் காட்டினார்கள். இரண்டு தரப்பும் தேர்வை, அதில் வென்றவர்களைப் பார்த்தன. தேர்வுக் கூடத்துக்குள் யார் நுழைய முடிந்தது என்பதை வயது வரம்பு, தேர்வு நடந்த ஊர், பாடங்களுக்கான மதிப்பெண், எந்தப் பதவி எந்தப் பட்டியலில் இருந்தது என்ற சில்லறை விதிகளே தீர்மானித்தன. சட்டத்தில் எழுதப்பட்ட சமத்துவம் எதுவும் அந்த விதிகளை மீறி வேலை செய்யவில்லை. இது என் வாதம்.

கம்பெனிக் காலத்தில் ஒளிவுமறைவே இல்லை. லண்டனில் இருந்த 24 இயக்குநர்கள் ஆளுக்கு இத்தனை என்று இடங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மகன், மருமகன், நண்பரின் பிள்ளை, கடன்பட்டவரின் பிள்ளை என்று 'ரைட்டர்' வேலைக்குப் பையன்கள் கப்பலேறினார்கள். கம்பெனி ஊழியர்களின் குடும்ப உறவுகளைத் தோண்டி ஆராய்ந்த பெர்னார்டு கோன், ஒரே சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தியாவை ஒரு தொழிலாக வைத்துக்கொண்டதை எடுத்துக் காட்டினார். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சம்பளங்களை உயர்த்தி லஞ்சத்தைக் குறைக்க முயன்றார். அதோடு, ஆண்டுக்கு 500 பவுனுக்கு மேல் சம்பளம் உள்ள பதவிகளிலிருந்து இந்தியர்களை விலக்கினார். தாயோ தந்தையோ இந்தியராக இருந்தவர்களையும் 1791-இல் விலக்கினார்கள். ஒழுங்கையும் விலக்கலையும் ஒரே கை ஒரே நேரத்தில் எழுதியது என்பதை மறக்கக் கூடாது. 1806-இல் தொடங்கிய ஹெய்லிபரி கல்லூரி, நியமனம் பெற்ற பையன்களுக்குப் படிப்புச் சொல்லித் தந்தது. ஆள் தேர்வு இயக்குநர்களிடமே இருந்தது. மக்கள்தொகைக் கோட்பாட்டால் பெயர்பெற்ற மால்தஸ் அங்கே பொருளாதாரம் கற்பித்தார்.

இந்தக் காலத்தில் தமிழுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று நடந்தது. சென்னைக்கு வந்திறங்கிய இளம் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி கற்பிக்க 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடி சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். தமிழ், தெலுங்குப் புலவர்கள் அங்கே ஆசிரியர்களாக இருந்தார்கள்; தாண்டவராய முதலியார் அவர்களுள் ஒருவர். பயிற்சிக்காக இலக்கணங்களை ஒப்பிட்டுப் பார்த்த எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்ற முடிவுக்கு வந்து, கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கான முன்னுரையில் 1816-இல் அதை அச்சேற்றினார். கால்டுவெல்லின் நூலுக்கு நாற்பது ஆண்டுகள் முந்தியது இது. தாமஸ் டிரவுட்மன் இதை விரிவாக ஆராய்ந்த பிறகுதான் நம்மில் பலருக்கும் தெரியவந்தது. வரி வசூலிக்க வந்த பையன்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று திராவிட மொழியியலின் பிறப்பிடமாக இருந்தது பெருமைக்குரிய செய்தி. அந்தப் புலவர்களின் பெயர்களை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் தன் 87-ஆம் பிரிவில், மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் எதையும் காரணம் காட்டி எந்த இந்தியரையும் கம்பெனியின் பதவியிலிருந்து விலக்கலாகாது என்றது. இருபது ஆண்டுகள் அது ஏட்டில் கிடந்தது. 1853-ஆம் ஆண்டின் சட்டம் இயக்குநர்களின் நியமன உரிமையைப் பறித்துப் பொதுப் போட்டியைக் கொண்டுவந்தது. மெக்காலே தலைமையிலான குழு 1854-இல் திட்டம் தீட்ட, 1855-இல் முதல் தேர்வு நடந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டு நிர்வாகத்தில் பொதுப் போட்டி 1870-இல்தான் வழக்கத்துக்கு வந்தது என்பதை நினைத்தால், பிரிட்டன் தன் வீட்டில் செய்யத் தயங்கியதை முதலில் இந்தியாவில் செய்து பார்த்தது என்று சொல்லலாம்.

அந்தத் திட்டத்தின் மதிப்பெண் பட்டியலைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆங்கில மொழி, இலக்கியம், வரலாற்றுக்கு 1500. கணிதத்துக்கு 1000. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. இயற்கை அறிவியலுக்கும் அறவியல் துறைகளுக்கும் தலா 500. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஒவ்வொன்றுக்கும் 375. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் அதே 375. மொத்தம் 6875. எல்லாப் பாடமும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. தெரிந்ததை எழுதி மதிப்பெண் சேர்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் தான் ஏற்கெனவே படித்ததை எழுதிக் கிரேக்கமும் லத்தீனுமாக 1500 மதிப்பெண்ணுக்குப் போட்டியிடலாம். சமஸ்கிருதத்தில் ஊறிய இந்திய மாணவர் அந்தப் பாடத்தில் ஒரு பிழையின்றி எழுதினாலும் 375-க்கு மேல் கிடையாது. தமிழுக்கும் தெலுங்குக்கும் வங்காளிக்கும் பட்டியலில் இடமே இல்லை. அந்த மொழிகளைத் தேர்ந்தவர்கள் பிறகு பயிற்சிக் காலத்தில் படித்துக்கொள்வார்கள். நல்ல கல்வி பெற்ற கனவான் எந்த நாட்டையும் ஆளத் தகுதியுள்ளவர் என்பது மெக்காலே குழுவின் நம்பிக்கை. அது நேர்மையான நம்பிக்கையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தகுதியை அளக்கும் கோல் எந்த ஊர்ப் பள்ளியில் செய்யப்பட்டதோ அந்த ஊர்ப் பிள்ளைக்கே அது பொருந்தும்.

வயது வரம்பின் கதை இதைவிடத் தெளிவானது. 1855-இல் 18 முதல் 23 வரை எழுதலாம். 1860 வாக்கில் உச்சவரம்பு 22 ஆயிற்று. 1866-இல் 21. சால்ஸ்பரி பிரபு இந்தியா மந்திரியாக இருந்தபோது எடுத்த முடிவின்படி 1878 முதல் 17 வயதிலிருந்து 19 வரை. பள்ளியை முடித்த பையனைப் பிடித்து இரண்டாண்டு பல்கலைக்கழகத்தில் வைத்துப் பயிற்றுவிப்பது நல்லது என்று காரணம் சொன்னார்கள். இங்கிலாந்துக் கண்ணோட்டத்தில் அதற்கு ஒரு நியாயமும் உண்டு. தனிப்பயிற்சிக் கூடங்களில் மனப்பாடம் செய்துவிட்டு வருபவர்களைப் பற்றிய புகார் அங்கே அப்போது பெரிதாக இருந்தது. கும்பகோணத்திலோ திருச்சியிலோ இருக்கும் ஒரு தகப்பனின் கண்ணோட்டத்தில் அதை வைத்துப் பாருங்கள். 19 வயதில் லண்டனில் தேர்வெழுத வேண்டுமென்றால் பையனைப் பதினைந்து பதினாறு வயதில் கப்பலேற்ற வேண்டும். இன்னும் மெட்ரிகுலேஷனே முடிக்காதவன்; தேறுவானா என்று யாருக்கும் தெரியாது. தேறாவிட்டால் போட்ட பணம் போயிற்று. கடல் கடந்ததற்குச் சாதியார் விலக்கிவைத்தால் அவன் தங்கைகளின் கல்யாணமும் நின்றுபோகும். இந்தச் சூதாட்டத்தை ஆடக்கூடிய குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? வரம்பு குறைந்த ஆண்டுகளில் தேறிய இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தியாவின் முதல் நாடு தழுவிய அரசியல் கிளர்ச்சி இந்த வயது வரம்பை எதிர்த்து எழுந்தது என்பது தற்செயல் அல்ல. 1874-இல் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்த சுரேந்திரநாத் பானர்ஜி 1877-78இல் வடக்கேயும் தெற்கேயும் ஊர் ஊராகச் சென்று கூட்டம் போட்டார். லால்மோகன் கோஷ் 1879-இல் மனுவோடு லண்டன் அனுப்பப்பட்டார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ், இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் தேர்வு, வரம்பை 23-ஆக உயர்த்துவது ஆகியவற்றைத் தீர்மானமாகப் போட்டது. படித்த மேல்தட்டின் வேலைக் கோரிக்கை என்று இதைப் பின்னால் வந்தவர்கள் எளிதாக ஒதுக்கினார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும், ஓர் அரசு தன் வாக்குறுதியைத் துணைவிதியால் முறிக்கிறது என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது அந்தக் கோரிக்கைதான்.

அந்த முறிவை ஆட்சியாளர்களே அறிந்திருந்தார்கள். வைசிராய் லிட்டன் 1878-இல் எழுதிய ரகசியக் குறிப்பில், இந்தியர்களின் எதிர்பார்ப்பு ஒருநாளும் நிறைவேறாது என்று எல்லோருக்கும் தெரியும் என்றும், அவர்களை வெளிப்படையாகத் தடுப்பது, ஏமாற்றுவது என்ற இரண்டில் நேர்மை குறைந்த வழியையே தேர்ந்துகொண்டோம் என்றும் ஒப்புக்கொண்டார். அவர் கண்ட மாற்று, 1879-இல் வந்த 'ஸ்டாட்யூட்டரி சிவில் சர்வீஸ்'. நல்ல குடும்பம், சமூக அந்தஸ்து உள்ள இளைஞர்களைத் தேர்வின்றி நியமிப்பது, ஐ.சி.எஸ்.ஸுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் ஆறில் ஒரு பங்குவரை அவர்களுக்குத் தருவது. வெள்ளையருக்குப் போட்டி, இந்தியருக்குச் சிபாரிசு என்ற ஏற்பாடு படித்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் பெரிதாக வரவில்லை. 1886-87இல் விசாரித்த ஐச்சிசன் கமிஷன் அதை மூடச் சொல்லி, பணிகளை மூன்றடுக்காகப் பிரித்தது: லண்டனில் ஆளெடுக்கும் இம்பீரியல் பணி, மாகாணப் பணி, அதன் கீழ்நிலைப் பணி. கலெக்டர், ஜில்லா ஜட்ஜ் போன்ற சில இடங்கள் மாகாணப் பணியாளருக்கெனப் பட்டியலிடப்பட்டன. வயது வரம்பும் 1892 முதல் 21-23 ஆக உயர்ந்தது. அது பட்டம் முடித்த இந்தியருக்கு உதவியது; ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு அதைவிட அதிகமாக உதவியது.

தேர்வு நடக்கும் ஊர் மட்டும் மாறவில்லை. 1893 ஜூன் 2 அன்று பிரிட்டிஷ் மக்களவை, தாதாபாய் நௌரோஜி உறுப்பினராக இருந்தபோது, இரு நாடுகளிலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்தலாம் என்று 84-க்கு 76 வாக்குகளில் தீர்மானம் நிறைவேற்றியது. இந்திய அரசு மாகாண அரசுகளிடம் கருத்துக் கேட்டது. ஏறக்குறைய எல்லா மாகாணங்களும் எதிர்த்தன. ஆதரித்தது சென்னை அரசு மட்டுமே. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. மக்களவை சொல்லியும் நடக்காத ஒரு சீர்திருத்தத்துக்கு இந்தியர்கள் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு போராட்டமும் எத்தனை இடங்களுக்காக? இந்தியா முழுவதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஐ.சி.எஸ். அதிகாரிகள். 1901-இல் சென்னை மாகாணத்தில் மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் பேர் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஜில்லாக்கள், அவற்றுள் பல ஒரு சிறிய ஐரோப்பிய நாட்டின் அளவு. கலெக்டருக்குக் கீழே ஒன்றிரண்டு ஐரோப்பிய உதவியாளர்கள். அதற்குக் கீழே எல்லாம் நம்மவர்கள். கலெக்டரின் அலுவலகமான ஹுசூர் கச்சேரியில் சிரஸ்தார், தாலுகாவில் தாசில்தார், அவருக்குக் கீழே பிர்கா அளவில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கிராமத்தில் மணியக்காரர், கர்ணம், தலையாரி, வெட்டியான். ஆளெடுப்பைப் பற்றிய ஆய்வுகள் மேலே உள்ள ஆயிரம் பேரை நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதிவிட்டு, இந்தப் பெரும்படையை ஓர் அத்தியாயத்தில் முடித்துவிடுகின்றன. குடியானவருக்கு அரசாங்கம் என்றால் கர்ணத்தின் கணக்கும் தாசில்தாரின் ஜமாபந்தியும்தான். கலெக்டரை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்களே அதிகம்.

கீழ்நிலை ஆளெடுப்பு எப்படி நடந்தது? பவானி ராமன் ஆரம்ப காலச் சென்னைக் கச்சேரிகளைப் பற்றி எழுதிய ஆய்வு இதைத் துலக்குகிறது. திண்ணைப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்ற பையன், உறவினர் ஒருவரின் நிழலில் கச்சேரிக்குள் நுழைந்து சம்பளமில்லாமல் நகல் எழுதிப் பழகி, இடம் காலியானபோது உட்காருவான். உறவும் சாதியும் கையெழுத்தும் சேர்ந்ததே தகுதி. குண்டூரில் மராட்டிய வழிவந்த தேசஸ்த பிராமணக் குடும்பங்கள் ஹுசூர் கச்சேரியைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டு, கலெக்டர்களைப் பெயரளவுக்கு ஆக்கிவிட்டதையும், 1840களில் வால்டர் எலியட் விசாரிக்க நேர்ந்ததையும் ஃப்ரைகன்பெர்க் விவரித்திருக்கிறார். ஹெய்லிபரியில் லண்டன் குடும்பங்கள் செய்ததைக் கச்சேரியில் இவர்கள் செய்தார்கள். இயக்குநர்கள் செய்தபோது அதன் பெயர் நியமன உரிமை. இங்கே அதைச் சூழ்ச்சி என்று அறிக்கை எழுதினார்கள்.

1855-இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதைக் கமிஷனின் அறிக்கையைப் படிப்பவர்களுக்கு இந்த அமைப்பின் கொடிய முகம் தெரியும். வரி கட்டாத குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் நசுக்கினார்கள். 'அண்ணாந்தாள்' என்று உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். புகார் சொல்லக் கலெக்டரிடம் போவதென்றால் பல நாள் நடை. கமிஷன் குறைந்த சம்பளம் வாங்கும் உள்ளூர்ச் சிப்பந்திகள்மேல் பழியைப் போட்டது. சிப்பந்திகள் குற்றவாளிகள்தான், அதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்ற தொகை மேலிருந்து வந்தது. அதைக் கொண்டுவராத தாசில்தாருக்கு வேலை போனது. மேலே சிலரை மட்டும் பெரும் சம்பளத்தில் வைத்து, கீழே பலரை அற்பச் சம்பளத்தில் வைத்ததும் ஆளெடுப்புக் கொள்கையே. இந்தியர்களுக்குப் பொறுப்பான பதவி தராமல் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்று தாமஸ் மன்றோ 1824 டிசம்பர் 31 அன்று எழுதிய நீண்ட குறிப்பில் எச்சரித்திருந்தார். கேட்டவர்கள் குறைவு.

சித்திரவதை அறிக்கைக்குப் பின் சென்னையில் கீழ்நிலைப் பணிகளின் சம்பளம் திருத்தப்பட்டது. 1850களின் இறுதியில் அந்தப் பணிகளுக்கும் தேர்வுகள் வந்தன. இந்தத் தேர்வுகளும் ஆங்கிலப் பள்ளிகளும் சிலருக்கு உண்மையாகவே கதவைத் திறந்தன. மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாகத் தொடங்கிய தி. முத்துசாமி ஐயர், டெபுடி கலெக்டராகி, சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்த வேதநாயகம் பிள்ளை முன்சீபானார். 1879-இல் தமிழின் முதல் நாவலைத் தந்தவரும் அவரே. இந்த வாழ்க்கைகளை மதிக்காமல் அந்த அமைப்பைப் பற்றிப் பேச முடியாது.

அதே சமயம், தேர்வின் மறுபக்கமும் சென்னையில்தான் முதலில் எண்களாக வெளிவந்தது. சென்னை அரசின் அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ 1913-இல், அரசுப் பணிகளை ஆராய்ந்த இஸ்லிங்டன் கமிஷன்முன் சாட்சியம் அளித்தார். 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸுக்கு நடந்த போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். டெபுடி கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பிராமணர்கள். பிராமணரல்லாத இந்துக்கள் 30. ஜில்லா முன்சீப்கள் 128 பேரில் 93 பேர் பிராமணர்கள். மாகாண மக்களில் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர். 1916 டிசம்பரில் தியாகராய செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இந்தக் கணக்கையே அடித்தளமாகக் கொண்டது. கார்டியூ ஏன் அந்த எண்களைக் கொடுத்தார் என்ற கேள்வி எழுகிறது. இந்தியர்களுக்குத் தேர்வைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கு அது வசதியான வாதமாக இருந்தது. எண்கள் பொய்யாகிவிடவில்லை. வெள்ளையரிடம் கிரேக்கமும் லத்தீனும் கேட்ட தேர்வு வெள்ளையரைத் தேர்ந்தது. தலைமுறைகளாக எழுத்துத் தொழிலில் இருந்தவர்களிடம் ஆங்கிலமும் கணக்கும் கேட்ட தேர்வு அவர்களைத் தேர்ந்தது. நௌரோஜி லண்டனில் எழுப்பிய கேள்வியையே, பிராமணரல்லாதார் இயக்கத்தின் கட்சியான நீதிக்கட்சி சென்னையில் எழுப்பியது என்பது என் முடிவு.

சென்னை அதற்குக் கண்ட விடை வகுப்புவாரி அரசாணைகள். 1921, 1922 ஆணைகளுக்குப் பிறகு வந்த 1927 ஆணை, பன்னிரண்டு இடங்களை ஒரு சுற்றாக வைத்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அந்த 1 என்ற எண்ணைக் கண்டு மனம் வருந்தாமல் இருக்க முடியாது. ஆயினும், யார் நியமிக்கப்படுகிறார்கள் என்பதைப் பட்டியலில் எழுதிப் பகிரங்கமாக விவாதிக்கலாம் என்ற பழக்கம் அங்கே பிறந்தது. 1929-இல் சட்டம் இயற்றிச் சென்னை தனக்கெனச் சர்வீஸ் கமிஷன் அமைத்தது. மாகாணங்களில் அதுவே முதலாவது. 1951-இல், வகுப்புவாரி ஆணையைச் செல்லாததாக்கிய சண்பகம் துரைராஜன் வழக்கோடு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வெங்கடரமணா வழக்கு ஜில்லா முன்சீப் ஆளெடுப்பைப் பற்றியது. முதல் அரசியல் சட்டத் திருத்தத்தின் பின்னணியில் முன்சீப் வேலையும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கடலுக்கு அப்பால் ஒரு பார்வை. இலங்கை சிவில் சர்வீஸில் போட்டித் தேர்வின் வழியே நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம், 1875-இல். பிற்காலத்தில் இந்தியா, இங்கிலாந்து, இலங்கை, மலாயா, ஹாங்காங் இடங்களுக்கெல்லாம் லண்டனில் ஒரே தேர்வு நடந்தது. மேலே வந்தவர்கள் லண்டன் அலுவலகங்களையும் இந்தியாவையும் எடுத்துக்கொண்டார்கள். கீழே வந்தவர்களுக்கு இலங்கை கிடைத்தது. 1904-இல் அப்படிக் கிடைத்த இடத்தில்தான் எழுத்தாளர் லெனார்டு உல்ஃப் இலங்கை வந்திறங்கினார். அதே 1904-இல் மலாயா, ஹாங்காங் பணிகளுக்குத் தாய்வழி தந்தைவழி இரண்டிலும் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மலாயாவின் அலுவலகங்களையும் ரயில்வேயையும் நடத்திய யாழ்ப்பாணத் தமிழர்கள் குமாஸ்தா மேசையைத் தாண்ட முடியாததற்கு அந்த ஒற்றை வரி ஒரு காரணம். இந்தியாவில் துணைவிதிகளால் செய்ததை அங்கே ரத்தத்தின் பெயரால் நேரடியாகச் செய்தார்கள்.

முதல் உலகப் போர் எல்லாவற்றையும் அசைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் போர்க்களத்தில் மடிந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு இந்தியா முன்போல் கவர்ச்சியாக இல்லை. 1915 வாக்கில் ஐ.சி.எஸ்.ஸில் இந்தியர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர். மாண்டேகு செம்ஸ்போர்டு அறிக்கை 1918-இல் 33 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் ஒன்றரை சதவீதம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றது. 1922 பிப்ரவரியில் அலகாபாத்தில் முதல்முறையாக இந்திய மண்ணில் தேர்வு நடந்தது. 1924-இல் லீ கமிஷன், புதிய நியமனங்களில் 40 பங்கு பிரிட்டிஷார், 40 பங்கு இந்தியர், மாகாணப் பணியிலிருந்து உயர்பவர்கள் 20 பங்கு என்று வகுத்தது. பதினைந்து ஆண்டில் பாதிக்குப் பாதி ஆகும் என்பது கணக்கு. பிரிட்டிஷ் அதிகாரிகளின் மனக்குறையைத் தீர்க்கக் குடும்பத்தோடு தாய்நாடு போய்வரக் கப்பல் கட்டணச் சலுகையும் தந்தது.

அடுத்து நடந்தது மிக முக்கியமானது. லண்டன் தேர்வில் இந்திய மாணவர்கள் தொடர்ந்து வெல்லத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மாணவர்கள் குறைந்தார்கள். 1936 முதல் பிரிட்டிஷ் இளைஞர்களில் ஒரு பகுதியைப் போட்டியின்றி, பல்கலைக்கழகப் பட்டத்தையும் நேர்காணலையும் பார்த்து நியமிக்கத் தொடங்கினார்கள். 1853-இல் ஒழித்ததாகச் சொன்ன நியமன முறை, போட்டியில் தங்கள் பிள்ளைகள் தோற்கத் தொடங்கியவுடன் திரும்பி வந்தது. எண்பது ஆண்டுகள் இந்தியரிடம் போற்றிக் காட்டிய கொள்கையை அவர்கள் கைவிட்ட வேகம் அந்தக் கொள்கையின் எடையைச் சொல்லிவிடுகிறது. 1943-இல் ஆளெடுப்பு நின்றது.

1947-இல் பணியில் இருந்தவர்கள் 980 பேர். ஐரோப்பியர் 468. இந்துக்கள் 352. முஸ்லிம்கள் 101. இந்தியக் கிறிஸ்தவர் 25, பார்சிகள் 13, சீக்கியர் 10, ஆங்கிலோ இந்தியரும் இங்கேயே குடியேறிய ஐரோப்பியரும் 5, பிற வகுப்பினர் 4. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் 2. தகுதிக்கும் திறமைக்கும் மட்டுமே இடம் என்று தொண்ணூறு ஆண்டுகள் நடந்த ஒரு தேர்வின் இறுதிக் கணக்கு இது. ஐ.சி.எஸ். இந்தியமயமானது என்று சொல்வோர், எந்த இந்தியா உள்ளே போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1946 அக்டோபரில் மாகாணப் பிரதமர்கள் மாநாட்டில் வல்லபபாய் படேல் புதிய அகில இந்தியப் பணிக்கு ஒப்புதல் பெற்றார். ஐ.ஏ.எஸ். பிறந்தது. டேவிட் பாட்டர் காட்டியபடி, பழைய பணியின் நடைமுறைகளும் பழக்கங்களும் கைமாறிப் புதியதற்குள் தொடர்ந்தன. பழைய ஐ.சி.எஸ். அதிகாரிகளின் சிறப்புச் சலுகைகளை அரசியல் சட்டத்தின் 314-ஆம் பிரிவு காத்தது. 1972-இல் 28-ஆம் திருத்தம் அதை நீக்கியது.

இத்தனை நேரம் ஆண்களைப் பற்றியே பேசியதற்குக் காரணம் அந்தப் பணியில் பெண்களே இல்லை என்பதுதான். பெண்களுக்கு அரசுப் பதவிகளைத் திறந்த 1919-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், கடல் கடந்த ஆட்சிப் பகுதிகளின் பணிகளை ஆண்களுக்கென்றே ஒதுக்கிவைக்க அனுமதிக்கும் ஒரு வாசகத்தைத் தனக்குள் வைத்திருந்தது. இந்தியாவில் அந்தக் கதவு சுதந்திரத்துக்குப் பிறகே திறந்தது. 1949-இல் சி. பி. முத்தம்மா வெளியுறவுப் பணியிலும், 1951-இல் அன்னா ராஜம் சென்னை மாநிலத்துக்கான ஐ.ஏ.எஸ். பணியிலும் சேர்ந்தார்கள். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலகச் சொல்லலாம் என்ற விதி அவர்களுக்கு முன் வைக்கப்பட்டிருந்தது. முத்தம்மா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். வெளியுறவுப் பணி விதிகளில் பெண்களுக்கு எதிராக இருந்த பாகுபாட்டை நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பெழுதிய ஆண்டு 1979.